கிதாரின் முனகல்

மூணாற்றிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் ஆடிச் சாரலின் ஈரத்தால் மின்சாரக் கிதாரின் ஜாக்கில் களிம்பு பிடிப்பதுண்டு. கருவி முனகத் தொடங்கும்.

பழுது தேடுமுன் ஒலிபெருக்கிக்கு எர்த் உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு உறுதி செய்துகொள்வோம். வெளிமாநிலத்து வாடகை வீடுகளில் மூன்றாம் துளை பெயரளவிலேயே இருக்கக்கூடும். 1972-இல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்ட கிதார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி உயிரிழந்தார்.

பின்னர் இணைப்புக் கம்பியை மாற்றிப் பார்ப்போம். முனகல் நீடித்தால் தந்திகளைத் தொடுவோம். அப்போது குறையாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொடும்போது மட்டும் குறையுமாயின், தந்திகளைத் தாங்கும் பாலத்திற்குச் செல்லும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். இணைப்பைக் கழற்றிவிட்டு அதனை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும்.

விரலில் சிறிது சுரீரென்றாலும் வாசிப்பை நிறுத்துவோம். பாட்டு நாளைக்கும் இருக்கும்.