மருந்தும் வெட்கமும்

சிவகாசியில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. பட்டாசுக் குழாயில் இட்டு அடைப்பதும் மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியவற்றை அளவறிந்து கலந்தால் வாணமாகிறது. அளவு தப்பினாலோ கட்டடமும் அதிலிருந்தவர்களும் ஒருங்கே அழிகிறார்கள். ஆகையினாலேயே எந்தச் சரக்கை எவ்வளவு கலப்பது, எந்த அறையில் எத்தனை பேர் இருப்பது என்பதற்கெல்லாம் விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. கலந்த மருந்தை மறுநாளைக்கென்று மீதம் வைக்கலாகாது என்பதை அங்குள்ள தொழிலாளி எவரும் அறிவார். விதியை மீறியதன் விலையை அந்த ஜில்லா பன்முறை கண்ணீரால் செலுத்தியிருக்கிறது.

பகலெல்லாம் இவ்வளவு ஜாக்கிரதையுடன் மருந்தைக் கையாளும் அதே மனிதன், இரவில் தன் சொந்த உடம்புக்குள் இடும் மருந்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லையே, இது ஏன்? காரணம் ஒன்றே: வெட்கம். துரித ஸ்கலிதம், அதாவது விந்து முந்துதல், என்னும் குறையைப் பற்றியே பேசுகிறோம். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கௌரவமானவர்கள் பேசாது விட்ட இடத்தில்தான் போலி வைத்தியன் கடை விரித்திருக்கிறான் என்பதே அவர்களுக்கு நமது விடை.

முதலில் இக்குறை யாது என்பதைத் தெளிவாக அறிய வேண்டும். மணமான புதிதில், அல்லது மனக் கவலையும் களைப்பும் மிகுந்த ஓர் இரவில், விரைவில் முடிந்துவிடுவது நோயாகாது. ஆதி முதலே ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுதல், அல்லது முன்பு சரியாயிருந்து பிற்பாடு மூன்று நிமிஷத்துக்கும் குறைந்துவிடுதல். அதைத் தாமதப்படுத்தும் வல்லமை இல்லாதிருத்தல். அதனால் மனத் துன்பம் உண்டாதல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்திருந்தால்தான் டாக்டர்கள் இதைச் சிகிச்சைக்குரிய குறையென்று கொள்கிறார்கள். 2005-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஐந்து தேசங்களைச் சேர்ந்த 500 தம்பதிகள் கடிகாரம் கொண்டு கணக்கிட்டதில், நடுத்தர அளவு 5.4 நிமிஷமே என்று தெரிய வந்தது. அரை மணி, ஒரு மணி என்ற பேச்செல்லாம் விளம்பரக்காரனின் கற்பனை. அந்தக் கற்பனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டு, நோயே இல்லாதவனும் நோயாளியாகி விடுகிறான்.

இதற்கு மேல், விந்து விரயமானால் உயிரே விரயமாகும் என்ற பழைய பயம் ஒன்று நம் ஜனங்களைப் பிடித்திருக்கிறது. 1960-இல் மனோவைத்தியர் நரேந்திரநாத் விக் என்பவர் இப்பயத்தினால் வரும் சோர்வையும் கலக்கத்தையும் ஆராய்ந்து, ‘தாது’ என்ற சொல்லையே அந்நோய்க்குப் பெயராகச் சூட்டினார். ‘வாலிப வயதில் செய்த தவறு’ என்று ஆரம்பிக்கும் விளம்பரங்களுக்கு மூலதனம் இப்பயமே. மாதத்தில் இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் தங்கியிருப்பதாக அறிவித்து, வருகிறவனின் கண்ணைப் பார்த்துத் தலையை அசைத்து, சில மாத லேகியத்தை ஆயிரக்கணக்கில் விலை பேசுகிறவர்களை நமது ஊர்களில் அறியாதவர் யார்? ஆண்மைச் சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி குற்றம்; முதல் முறை ஆறு மாதம் வரையிலும், மறுமுறை ஒரு வருஷம் வரையிலும் சிறைவாசம் விதிக்கலாம். சட்டம் இருந்தும் சுவரொட்டிகள் ஒழியவில்லை. அச்சில் ஏற்றுவோருக்கும், இடம் விற்கும் பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். முன் பக்கத்தில் தர்மத்தை எழுதிப் பின் பக்கத்தில் லேகியத்தை விற்பது நேர்மையாகாது.

அப்படியானால் இக்குறைக்கு மெய்யான மருந்தே இல்லையா? உண்டு. டபாக்ஸெடின் என்னும் மாத்திரை இதற்கென்றே ஏற்பட்டது. மூளையில் செரட்டோனின் என்ற பொருளின் வேலையை நீடிக்கச் செய்வதன் மூலம் ஸ்கலிதத்தைத் தாமதப்படுத்துகிறது. 2009-இல் ஸ்வீடனும் பின்லாந்தும் முதலில் இதை அங்கீகரித்தன; நம் தேசத்திலும் டாக்டரின் சீட்டின் பேரில் கிடைக்கிறது. இதன் பலன் எவ்வளவு? 2,600-க்கு மேற்பட்ட ஆடவரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட பரிசோதனையில், தொடக்கத்தில் சராசரி ஒரு நிமிஷத்துக்கும் குறைவாயிருந்தது. பன்னிரண்டு வாரங்களில் 30 மில்லிகிராம் உண்டவருக்கு 2.78 நிமிஷமாகவும், 60 மில்லிகிராம் உண்டவருக்கு 3.32 நிமிஷமாகவும் அது உயர்ந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையை உண்டவருக்கும் 1.75 நிமிஷமாயிற்று! வாசகர்கள் இந்தக் கடைசிக் கணக்கைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கை மட்டுமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. லேகிய வியாபாரி விற்பது அந்த நம்பிக்கையைத்தான்.

மெய்யான மருந்துக்கு மெய்யான நிபந்தனைகளும் உண்டு. 18 வயதுக்கு மேல் 64 வயது வரையுள்ள ஆடவர்க்கே இது உரியது. தினந்தோறும் உண்பதன்று, வேண்டும்போது, ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன்னதாக, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். முதலில் 30 மில்லிகிராம். 24 மணி நேரத்தில் ஒரு தரத்துக்கு மேல் கூடாது. குமட்டல், தலைவலி, தலைசுற்றல், பேதி ஆகியவை நேரலாம். எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழுதல் இதன் பெரிய ஆபத்து. ஆதலால் டாக்டர் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தைப் பார்த்த பின்பே இதை எழுதித் தரவேண்டும். இருதய நோயுள்ளவர், முன்பு மயங்கி விழுந்தவர், கல்லீரல் கெட்டவர், உன்மாத நோய் கண்டவர் இதைத் தொடலாகாது. மனச்சோர்வு மாத்திரைகள், லிதியம், வலிக்கு உண்ணும் டிரமடால் முதலியவற்றோடு சேர்ந்தால் விபரீதம் விளையும். பூஞ்சை நோய்க்கான சில மாத்திரைகளும் இதன் வேகத்தை அளவு கடந்து ஏற்றிவிடும். டாக்டரிடம் இவற்றுள் எதையும் மறைக்கக் கூடாது.

கந்தக பூமி என்று பெயரெடுத்த நமது ஜில்லாவுக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. நாளெல்லாம் வியர்த்து உடம்பில் நீர் வற்றிய தொழிலாளி, வீடு திரும்பும் வழியில் மதுக் கடையிலும் நின்று, பிறகு இம்மாத்திரையை விழுங்கினால் மயக்கம் அவனைத் தேடி வரும். மது இம்மருந்துக்குப் பரம சத்துரு. தலை சுற்றுகிறவன் மோட்டார் சைக்கிளில் ஏறுவதும், அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பதும் எத்தகைய சாகசம் என்று சொல்ல வேண்டுமா? மயக்கம் வருவதாகத் தோன்றினால் உடனே படுத்துத் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

சில கடைகளில் சீட்டுக் கேட்காமலே, டபாக்ஸெடினையும் சில்டெனாஃபிலையும் ஒன்றாக்கிய மாத்திரையை எடுத்துக் கொடுப்பதாகக் கேள்விப்படுகிறோம். மார்வலிக்காக நைட்ரேட் மாத்திரை உண்பவன் சில்டெனாஃபிலை உண்டால் உயிருக்கே ஆபத்து. ‘மூலிகை’ என்ற பெயரில் விற்ற பொடிகளில் இதே சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருந்ததைப் பல தேசங்களின் மருந்துப் பரிசோதனைச் சாலைகள் கண்டுபிடித்திருக்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லேபிள் எவ்வளவு அழகாயிருந்தாலும் உள்ளே இருப்பதற்கு அது சாட்சியாகாது. தேசத்துக்கெல்லாம் லேபிள் அடித்துத் தரும் சிவகாசிக்கு இதை யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

மாத்திரை ஒன்றே வழியென்றும் எண்ண வேண்டாம். தைராய்டு சுரப்பியின் மிகுதி, பிராஸ்டேட் சுரப்பியின் அழற்சி, நீரிழிவினால் வரும் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று மூல காரணமாயிருந்தால் அதற்கே முதலில் சிகிச்சை. மரமரப்பை உண்டாக்கும் மேற்பூச்சு மருந்துகளும் உள்ளன. அளவாகப் பூசி, குறித்த நேரம் பொறுத்து, துடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் மனைவிக்கும் மரமரப்பு உண்டாகும். நிறுத்தி நிறுத்தித் தொடரும் பயிற்சியை ஜேம்ஸ் ஸீமன்ஸ் என்ற டாக்டர் 1956-லேயே எடுத்துரைத்தார், அதற்குச் செலவில்லை, தம்பதிகளின் பொறுமையும் ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசுவதுமே வேண்டும். புருஷன் ஒளிந்து ஒளிந்து மாத்திரை உண்பதைவிட, மனைவியிடம் நாலு வார்த்தை பேசுவது பெரிய மருந்து.

1922-இல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். தீப்பெட்டித் தொழிலைத் தெரியாது என்று சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுத் திரும்பினார்கள். அந்த அடக்கத்தினால் ஒரு ஜில்லாவே பிழைத்தது. இன்று விருதுநகரில் 2022-இல் திறந்த சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. கல்கத்தா வரை போக வேண்டியதில்லை. வெளி நோயாளிகள் பகுதியில் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, டாக்டரிடம் உள்ளதைச் சொன்னால் போதும். பட்டாசு மருந்துக்கு நாம் காட்டும் மரியாதையில் ஒரு பங்கை, உடம்புக்குள் போகும் மருந்துக்கும் காட்டுவோமாக.