சீனக்குடாவில் ஒரு மில்லிமீற்றர்

சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் யாருக்குச் சொந்தம் என்று பல காலம் விவாதித்துவிட்டோம். பிரித்தானியர் கட்டிய 99 தாங்கிகளில் 61 இன் புனரமைப்பை, பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்த நிறுவனத்திடம் 2022 ஜனவரி உடன்படிக்கை ஒப்படைத்தது. துருவை அகற்றுவதோடும் தகடு மாற்றுவதோடும் அந்தப் பணி நின்றுவிடக் கூடாது. மட்டம் அளக்கும் கருவியும் முதல் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். ஒரு தாங்கி ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். அதன் உயரத்தை 12 மீற்றர் என்று வைத்துக் கணக்கிட்டால், மட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே 1,000 லீற்றர் பிசகிவிடும். நிறைந்த தாங்கியில் டீசலின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், புதிதாக ஒரு துளியும் வராமலே கனவளவு சுமார் 10,000 லீற்றர் கூடும். ஆகவே வெப்பநிலையையும் அடியில் தேங்கும் நீரையும் சேர்த்தே அளக்க வேண்டும். பழைய தாங்கியின் அடித்தளம் அமிழ்ந்திருந்தால் கொள்ளளவு அட்டவணையையே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

கூரையில் ஏறி, எடை தொங்கும் உருக்கு நாடாவை இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்துக் குறிக்கும் முறை போதாதா என்று கேட்கலாம். நாடா இன்றும் தேவைதான். மட்டத்தை அளக்கும் ராடர் கருவியைச் சரிபார்ப்பதே அதை வைத்துத்தான். ஆனால் நாடா, இறக்கிய அந்தக் கணத்து மட்டத்தை மட்டுமே சொல்லும். கப்பலிலிருந்து எண்ணெய் இறங்கும் மணித்தியாலங்கள் முழுவதும் ஒருவர் கூரையிலேயே நிற்க முடியாது.

கருவியும் பொய் சொல்லுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்பீல்ட் எண்ணெய்க் கிடங்கில் ஒரு தாங்கிக்குள் பெற்றோல் ஏறிக்கொண்டே இருந்தது. மட்டமானி சிக்கிக்கொண்டதால் திரையில் மட்டம் அசையவில்லை. அதே மானியை நம்பியிருந்த எச்சரிக்கை மணிகளும் ஒலிக்கவில்லை. கடைசிக் காவலாக இருந்த உயர்மட்ட ஆளியும், சோதனை நெம்புகோலுக்குப் பூட்டுப் போடாததால், செயலிழந்து கிடந்தது. தாங்கி வழிந்து, ஆவி மேகம் வெடித்து, 43 பேர் காயமடைந்தார்கள். அந்த மானி அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களில் 14 தடவை சிக்கியிருந்தது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நல்ல கட்டுப்பாட்டுப் பொறியியலாளர் ஒற்றை எண்ணை நம்பமாட்டார். பம்பி அனுப்பிய அளவையும் ஏறிய மட்டத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துவராவிட்டால் வால்வு தானாக மூடும்படி அமைப்பார். சீனக்குடாத் தாங்கி ஒவ்வொன்றுக்கும், மானியோடு தொடர்பில்லாத தனி உயர்மட்ட ஆளியையும், அதைச் சோதித்த நாளைக் குறிக்கும் பதிவேட்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்.