தோற்கும்னு தெரிஞ்ச மேட்சுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம்தான் நம் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் அதே பெயரில் வேறு ஒன்று ஆடுகிறார்கள். பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு முனையும் கூராக இருக்கும். கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், தூக்கி எறியலாம். எதிராளி மேலே விழுந்து அமுக்குவான். இந்த ஆட்டத்தில் காலேஜ் டீம் என்றால் அங்கே ஊரே திரளும். மிச்சிகன் பல்கலைக்கழகத்து மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அதன் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1,02,780 பேர். நம்ப முடிகிறதா? ஆடுவது காலேஜ் பசங்க!

என் சித்தப்பா மிச்சிகனில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார். 2024 நவம்பர் கடைசியில் பேசும்போது, "டேய், இந்த வாரம் ஆபீஸ்ல எவனும் வேலை பார்க்கலடா. எல்லாரும் மேட்சைப் பத்தியே சண்டை போடுறானுங்க" என்றார். "உங்க டீம் ஜெயிக்குமா சித்தப்பா?" என்று கேட்டேன். "ஜெயிக்காதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. அதுக்கப்புறம்தான் சண்டையே" என்றார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்தும் சித்தப்பாவை நச்சரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒஹாயோவும் மிச்சிகனும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். 1835-இல் டொலிடோ என்ற ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் படை திரட்டிக்கொண்டு நின்றார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஊர் ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு வடக்கே ஒரு பெரிய நிலப்பகுதியைக் கொடுத்து 1837-இல் மாநிலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். (அந்த நிலத்தில் பிற்பாடு செம்பும் இரும்பும் கிடைத்தன. யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்!) இரண்டு பல்கலைக்கழகங்களும் 1897-இல் முதன்முதலாக மோதின. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் கடைசியில் நடக்கும் இந்த மேட்சுக்கு முந்தின வாரம், ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் உள்ள பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி ஒட்டி மறைத்துவிடுவார்கள். மிச்சிகனுக்கு முதல் எழுத்து அதுதானே!

ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் சண்டை புரியும். ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் டீமுக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரிக்கு. பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, பிறகு ஒரு உதை உதைத்து இன்னும் 1 புள்ளி எடுக்கலாம். தாண்ட முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. பந்தை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது என்று முடிவெடுக்கும் ஆளுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். அவர் சரியில்லை என்றால் டீமே நொண்டும். இன்னொரு விஷயம், தாக்கும் அணியும் தடுக்கும் அணியும் வேறு வேறு ஆட்கள். ஒரே டீமுக்குள் இரண்டு டீம் மாதிரி! இதை மறக்காதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

2024 ஜனவரி 8-ஆம் தேதி மிச்சிகன்தான் வாஷிங்டனை 34-13 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. ஆனால் ஜெயித்த கையோடு வீடு காலியானது. பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை டீமுக்குப் போனார். குவார்ட்டர்பேக் மெக்கார்த்தி உட்பட 13 பேரைத் தொழில்முறை டீம்கள் ஒரே வருஷத்தில் அள்ளிக்கொண்டன. உதவியாளராக இருந்த ஷெரோன் மூர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்த சீசனில் டெக்சாஸிடம் 12-31, இல்லினாயிடம் 7-21, ஆரிகானிடம் 17-38 என்று அடி மேல் அடி. குவார்ட்டர்பேக் இடத்துக்கு முதலில் டேவிஸ் வாரன், பிறகு அலெக்ஸ் ஓர்ஜி, பிறகு ஜாக் டட்டில், மறுபடியும் வாரன்! ஒஹாயோ மேட்ச் வரும்போது மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி. ஒஹாயோ ஸ்டேட் 10 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, நாட்டிலேயே இரண்டாவது இடம். மேட்சும் அவர்கள் ஊரான கொலம்பஸில். ஒஹாயோ சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பதுதான் பொதுக் கணிப்பு.

இப்போது சித்தப்பா ஆபீஸுக்கு வருவோம். அங்கே ஒரு கட்சி, "பயிற்சியாளர்களை மாத்து, குறிப்பா தாக்கும் ஆட்டத்தைத் திட்டம் போடுற ஆளை அனுப்பு" என்றது. சாம்பியன் டீமை ஒரே வருஷத்தில் இப்படி ஆக்கிவிட்டார்களே என்ற கோபம். இன்னொரு கட்சி அதற்கு நேர் எதிர். "13 பேர் போனா எந்த டீமும் விழும், மூருக்கு டைம் கொடு" என்றது. மூன்றாவது கட்சிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் இந்த வருஷத்தையே விட்டுவிட்டார்கள். காரணமும் இருந்தது. மேட்சுக்கு ஒன்பது நாள் முன்னால், பள்ளி வீரர்களில் நாட்டிலேயே முதலிடம் என்று பேசப்பட்ட பிரைஸ் அண்டர்வுட், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தவர், மனசு மாறி மிச்சிகனுக்கு வருகிறேன் என்றார். அவரும் குவார்ட்டர்பேக்தான். உடனே, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், இது போனா போகட்டும்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியானால் இந்த வருஷம் ஆடுகிற பையன்கள் யாராம்?

டேவிஸ் வாரனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளியில் படிக்கும்போது, 2019-இல், அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை எடுத்துப் பிழைத்து, ஸ்காலர்ஷிப் கூட இல்லாமல் மிச்சிகன் டீமில் சேர்ந்தவர். அந்த சீசனில் அவர் எறிந்த பல பந்துகளை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள் என்பது உண்மை. "அவன் நல்ல பையன், ஆனா பெரிய டீமுக்கு எதிரா எறியத் தெரியாது" என்று சித்தப்பாவே சொன்னார். நல்லவன் என்பதற்காகக் குறையைச் சொல்லக்கூடாதா, அல்லது குறை சொல்பவன் உண்மையான ரசிகன் இல்லையா? அந்த வாரம் முழுக்க அங்கே ஓடிய வாதத்துக்கு அடியில் இருந்தது இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "வாயை மூடிட்டு கை தட்டு" என்றார்களாம் சிலர். "கண்ணை மூடிட்டு கை தட்ட நான் என்ன பொம்மையா" என்றார்களாம் சிலர்.

நவம்பர் 30, 2024. மேட்ச் நடந்தது. வாரன் எறிந்து கிடைத்தது மொத்தமே 62 கெஜம். இரண்டு பந்துகளை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். அதாவது, குறை சொன்னவர்கள் சொன்னபடியே நடந்தது! ஆனால் மிச்சிகன் 13-10 என்று ஜெயித்துவிட்டது!

எப்படி? இங்கேதான் நான் முன்னால் சொன்ன 'இரண்டு டீம்' கணக்கு வருகிறது. வாரம் முழுக்க எல்லாரும் தாக்கும் அணியைப் பற்றியே பேசினார்கள். தடுக்கும் அணியில் நடுவில் நின்ற மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒஹாயோ திரும்பத் திரும்ப அந்த நடுப்பக்கமாகவே ஓடப் பார்த்தது. சுவரில் முட்டுகிற மாதிரிதான். மொத்தம் 77 கெஜம்தான் ஓட முடிந்தது. ஒஹாயோ குவார்ட்டர்பேக் எறிந்ததிலும் இரண்டை மிச்சிகன் பிடித்தது. அதில் ஒன்று கோட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்ததால், கலேல் மல்லிங்ஸ் உள்ளே புகுந்து 6 புள்ளி எடுத்தார். டொமினிக் ஸ்வாடா 54 கெஜ தூரத்திலிருந்து ஒன்று உதைத்தார். பாதி ஆட்டத்தில் 10-10. அதற்குப் பிறகு ஒஹாயோ ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. உதைப்பில் அவர்கள் அன்றைக்கு இரண்டு முறை கோட்டை விட்டார்கள். மிச்சிகன் எறிவதைக் குறைத்துக்கொண்டு மல்லிங்ஸ் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டது. அவர் மட்டும் 116 கெஜம். கடைசியில் 45 விநாடி மிச்சம் இருக்கும்போது ஸ்வாடா 21 கெஜத்திலிருந்து உதைத்த உதைதான் அந்த 3 புள்ளி.

மேட்ச் முடிந்ததும் மிச்சிகன் பசங்க தங்கள் கொடியை எதிரி மைதானத்து நடுவில் நட்டார்கள். கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடிக்க வேண்டியதாகிவிட்டது. ஜெயித்தால் அது போதாதா? இது எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ குறை சொன்னவங்க எல்லாம் தப்பா சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அவர்கள் கண்டுபிடித்த குறை உண்மை. அந்த ஒரு குறையை வைத்தே முழு மேட்சுக்கும் தீர்ப்பு எழுதினார்களே, அதுதான் பிசகியது. டீம் நிர்வாகமும் வெற்றியைக் காட்டி குறையை மூடி மறைக்கவில்லை. ஜெயித்த சில நாளிலேயே, டிசம்பர் ஆரம்பத்தில், தாக்கும் ஆட்டத்தைத் திட்டம் போட்ட கிர்க் கேம்ப்பெல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆபீஸில் முதல் கட்சிக்காரர்கள் பார்ட்டி வைத்தார்களாம்!

ஒஹாயோ கதைதான் இன்னும் வேடிக்கை. மிச்சிகனிடம் தோற்ற அதே டீம், 2025 ஜனவரி 20-ஆம் தேதி நோட்டர் டேமை 34-23 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. 2021-லிருந்து தொடர்ந்து நான்கு வருஷம் மிச்சிகனிடம் தோற்றிருந்த அவர்கள், 2025 நவம்பர் 29-ஆம் தேதிதான் மிச்சிகன் மைதானத்திலேயே 27-9 என்று பழி தீர்த்தார்கள். சித்தப்பா ஆபீஸில் ஒஹாயோக்காரர் ஒருத்தர் இருக்கிறார். "சாம்பியன் கோப்பையா, மிச்சிகனை ஜெயிக்கிறதா, ரெண்டுல ஒண்ணுதான்னா எது வேணும்?" என்று சித்தப்பா அவரிடம் கேட்டாராம். அவர் பதில் சொல்லாமல் எழுந்து காபி எடுக்கப் போய்விட்டாராம்.