மாணவர் மனத்துயரும் சாதி வேற்றுமையும்



2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் தொகை 13,044 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தந்துள்ளது. ஆண் பெண் என்றும், மாநிலம் என்றும், படிப்பு என்றும் பலவாறு பகுத்துக் காட்டும் அந்த அறிக்கையில், எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் மிகுதியாக மடிகின்றனர் என்னும் பகுப்பு மட்டும் காணப்படவில்லை. அமெரிக்க நாட்டில் இனவாரியாக எண்ணுகின்றனர். எண்ணியதனால்தான், 2018க்கும் 2021க்கும் இடையே 10 முதல் 24 வயது வரையுள்ள கறுப்பின இளையோரிடையே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 37 விழுக்காடு உயர்ந்தது என்று அவர்களால் அறிய முடிந்தது. எல்லார்க்கும் பொதுவென்று வகுத்த திட்டம் எல்லாரையும் ஒன்றுபோல் சென்றடைகிறதா என்ற வினா அங்கே எழுந்தது. நம் நாட்டில் அவ்வினாவை இனத்தின் பெயரால் அன்று, சாதியின் பெயரால் கேட்க வேண்டும்.

தற்கொலை ஒரே காரணத்தால் நேர்வதன்று. வறுமை, தேர்வச்சம், வீட்டுப் பூசல், மனநோய் எனப் பல சுமைகள் ஒருங்கு சேர்கின்றன. எங்கள் இடைசெவலை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் எல்லா வீட்டு அடுப்பும் ஒன்றுபோலத்தான் வாடும். எல்லாச் சாதித் தாய்மார்களும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போவார்கள். ஆயினும் ஒரு பிள்ளைக்கு அந்த வறுமையோடு வேறொரு சுமையும் சேர்கிறது. "உதவித்தொகைப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் ஒரு குரல் கேட்கும்போது எழுந்து நிற்கும் சிறுவனுக்கு அது என்னவென்று தெரியும். தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைக் கொண்டு இன்னார் பிள்ளை என்று அறிந்துகொள்ளும் வழக்கம் உண்டென்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

இத்தகைய பிள்ளையிடம், "உனக்குத் துயரம் இருந்தால் ஆசிரியரிடம் சொல்" என்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் சொன்னபின் என்ன நேரும்?

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாங்குநேரியில் நிகழ்ந்ததை நினைவுகூருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற பட்டியல் சாதி மாணவன் ஒருவன், உடன் பயின்றோரின் துன்புறுத்தலால் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். பள்ளியிலிருந்து காரணம் வினவினர், உண்மையைச் சொன்னான். ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு அவனுடைய வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். இருவரும் பிழைத்தனர், மறு ஆண்டு அவன் தேர்விலும் வென்றான். இது தற்கொலை பற்றிய செய்தியன்று. எனினும், வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அஞ்சி எத்தனை பிள்ளைகள் மௌனமாயிருக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. துயருற்ற பிள்ளை முதலில் காட்டும் அடையாளம் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கும். அந்த வெற்றிடத்தைக் காண்பது பாதி வேலை. கேட்டறிந்ததை வெளியே கசியவிடாமல் காப்பது மறுபாதி. நம் பள்ளிகள் தவறுவது இரண்டாவதில்தான்.

அந்நிகழ்ச்சிக்குப்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்கள் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் திங்களில் அறிக்கை அளிக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது. உதவித்தொகைச் செய்தியை வகுப்பறையில் அறிவிக்கலாகாது. கயிறு முதலிய அடையாளங்களை விலக்க வேண்டும். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும். ஒரு வட்டாரத்தில் மிகுதியாயுள்ள சாதியைச் சேர்ந்தவரை அவ்வட்டாரத்துக் கல்வி அதிகாரியாக அமர்த்தலாகாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. கடைசிப் பரிந்துரை பலருக்குக் கசந்தது. எனக்கோ அதுவே தலையாயதாகத் தோன்றுகிறது. முறையீட்டைக் கேட்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார் என்று பார்த்துத்தான் பிள்ளை வாய் திறக்கும். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு உளநூல் கற்பித்தார்கள். நினைவாற்றல், நுண்ணறிவு எல்லாம் பாடமாக இருந்தன. இந்த எளிய செய்தி அப்பாடத்தில் இல்லை!

இனி, உங்களால் ஆவது. அடிக்கடி விடுப்பு எடுப்பவன், திடீரென்று விளையாட்டை விட்டவன், தன் பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுபவன், "நான் இல்லாவிட்டால் என்ன" என்று பேசுபவன் இவர்களைக் கவனியுங்கள். நேரடியாகவே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல், அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416ஐ உடனிருந்து அழையுங்கள். இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழகத்தில் 104 என்ற எண்ணும் உண்டு. பிறகு, பள்ளியில் எந்த ஆசிரியரிடம் செல்லலாம் என்பதை அவனையே சொல்லச் சொல்லுங்கள். அவன் குறிப்பிடும் பெயர் தலைமையாசிரியருடையதாக இல்லாமற் போகலாம். சமையற்கூடத்து அம்மாவாகக்கூட இருக்கலாம். முதலில் அவரிடமே அவனை அழைத்துச் செல்லுங்கள்.