'எக்ஸ்பொசிட்டோ'... அநாதைக் குழந்தைகளுக்குச் சூட்டிய பெயர், குடும்பப் பெயரான கதை!

நெட்ஃபிளிக்ஸில் 'எலைட்' வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு ஸ்பெயின் நடிகை எஸ்டர் எக்ஸ்பொசிட்டோவைத் தெரிந்திருக்கும். அவர் பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தக் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா?

'வெளியே வைக்கப்பட்டவர்.' 'எக்ஸ்பொசிட்டஸ்' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது இது. பெற்றவர்கள் யாரென்றே தெரியாமல் ஆசிரமங்களில் விடப்பட்ட குழந்தைகளுக்கு ஸ்பெயினில் சூட்டப்பட்ட பெயர்.

சுவரில் ஒரு மரச் சுழல்பெட்டி

அந்தக் கால ஸ்பெயினில் வறுமையும், திருமணமாகாமல் தாயானால் வரும் அவப்பெயரும் பல பெண்களைப் பிள்ளையைக் கைவிட வைத்தன. மாட்ரிட்டில் 'இன்க்ளூசா' என்ற இல்லம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே இயங்கியது. இத்தகைய இல்லங்களின் சுவரில் 'டோர்னோ' என்ற மரச் சுழல்பெட்டி இருக்கும். தெருவில் நின்றபடி குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால், பெட்டி உள்பக்கம் திரும்பிவிடும். வைத்தது யார் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. என்றாவது ஒருநாள் திரும்ப வந்து அடையாளம் காட்டலாம் என்ற நம்பிக்கையில் சிலர் ஒரு துண்டுச்சீட்டையோ, ரிப்பனையோ குழந்தையோடு வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால், நெரிசல், தாய்ப்பால் பற்றாக்குறை, நோய் என்று பலவும் சேர்ந்து, அந்த இல்லங்களில் குழந்தைகள் இறப்பது மிக அதிகமாக இருந்தது.

ராஜா போட்ட உத்தரவு

பிழைத்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரே சுமையானது. சொல்லும்போதே பிறப்பைக் காட்டிக்கொடுத்துவிடுமே! 1794-ல் மன்னர் நான்காம் கார்லோஸ், இந்தக் குழந்தைகளை முறையாகப் பிறந்தவர்களாகவே கருத வேண்டும் என்று உத்தரவிட்டார். அவர்களைப் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசுபவர்களுக்குத் தண்டனையும் உண்டு என்றார். 1921-ல், இந்தப் பெயரை வைத்திருப்பதே பெயர் மாற்றத்துக்குப் போதுமான காரணம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. 1957-ன் பதிவுச் சட்டத்திலும் 'எக்ஸ்பொசிட்டோ' என்று பெயர் குறிப்பிட்டே அந்த வசதி தரப்பட்டது.

இத்தாலியில் ஒரு தம்பி

இதே சொல்லின் இத்தாலிய வடிவம்தான் 'எஸ்பொசிட்டோ'. நேப்பிள்ஸ் நகரில் மிகப் பரவலான குடும்பப் பெயர் இது. அங்கே அனுன்சியாட்டா இல்லத்தின் சுழல்பெட்டி 1875-ல்தான் மூடப்பட்டது. மார்கரிட்டா பீட்சாவை 1889-ல் ராணிக்குச் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் சமையல்காரரின் பெயரும் ரஃபேலே எஸ்பொசிட்டோதான்!

பார்சிலோனா அணியில் ஆடிய கால்பந்து வீரர் ஜெரார்டு டெலொஃபியுவின் குடும்பப் பெயரையும் இந்த வரிசையில் சொல்வார்கள். கட்டலான் மொழியில் அதற்கு, 'கடவுள் இவனைப் படைத்தார்' என்று பொருள்.

ஒரே பெயர்... ஆனால் சொந்தமில்லை

பொதுவாக, அரிய குடும்பப் பெயர் ஒன்று இருவருக்கு இருந்தால் எங்கோ ஓர் உறவு இருக்கும் என்று நினைப்போம். எக்ஸ்பொசிட்டோவில் அந்தக் கணக்கு எடுபடாது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு குழந்தைகளுக்குத் தனித்தனியே வைக்கப்பட்ட பெயர் அது. பரம்பரையைத் தேடிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இல்லத்தின் பதிவேட்டோடு பாதை முடிந்துவிடும்.

சட்டம் அனுமதித்தும் பலர் இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று அது திரையில் மின்னுகிறது, கடைகளின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. மாற்றாமல் வைத்திருப்பவர்களின் முன்னோர் வரிசையில் எங்கோ, பிழைக்கவே மாட்டாது என்று நினைக்கப்பட்ட ஒரு குழந்தை இருந்திருக்கும். அது பிழைத்தது, வளர்ந்தது, ஒரு குடும்பத்தையே உண்டாக்கியது!