சொந்தத்தில் கல்யாணமும் பிள்ளையின் காதும்



ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று மாநிறம். ஒன்றுக்கு ஓ ரத்தம், இன்னொன்றுக்கு பி ரத்தம். எல்லாம் மரபணு செய்கிற வேலை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று மரபணுக்கள் நமக்கு ஜோடி ஜோடியாக வருகின்றன. அவற்றில் உள்ள சின்னச் சின்ன வித்தியாசத்தால்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறோம். சில நோய்களும் அப்படித்தான் வருகின்றன.

வித்தியாசம் எல்லாமே கெட்டதில்லை. 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் மரபணு கண்டறியப்பட்டது. ஜோடியில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால், மலேரியா கடுமையாகத் தாக்காமல் காப்பாற்றும். இரண்டும் அப்படி வந்தால்தான் ரத்தசோகை நோய்.

நம்ம புதுக்கோட்டைப் பக்கம் வருவோம். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கொடுப்பது நமக்குப் பழக்கம். நிலம் பிரியாது, நகைநட்டு அதிகம் கேட்க மாட்டாங்க, பொண்ணு கண்ணெதிரே இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளும் பெரும்பாலும் நல்லபடியாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம் இருந்த பழுதான மரபணு, மாப்பிள்ளை பெண் இருவருக்குமே இறங்கியிருக்கலாம். ஜோடியில் மற்றொன்று நல்லதாக இருப்பதால் அவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. பிள்ளைக்கு இரண்டும் பழுதாக வந்தால் பிறவியிலேயே காது கேட்காமல் போகலாம், தலசீமியா வரலாம். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு இது. மூத்ததுக்கு வந்துடுச்சு, இளையதுக்கு வராது என்ற கணக்கு செல்லாது.

இதில் மருமகள் வயிற்றைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தகப்பனும் ஒன்று கொடுத்தால்தான் இந்த நோய் வரும். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்ற பேச்சும் வேண்டாம்.

கல்யாணம் பேசும்போதே இரண்டு வீட்டிலும் பிறவிக் குறை உள்ளவர்கள் உண்டா என்று கேளுங்கள். தலசீமியா மரபணு இருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே காது பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தட்டைத் தட்டினால் திரும்பாத பிள்ளையை, "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று விட்டுவிடாதீர்கள். உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் வழி இருக்கிறது. சின்ன வயதிலேயே செய்தால்தான் பேச்சு நன்றாக வரும். பிறகும் பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் அழைத்துப் போக வேண்டும்.