மேரி முர்கியா: ஒன்பதாவது வட்டத்தின் தலைமை நீதிபதி

அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தலைமையேற்ற முதல் ஹிஸ்பானிய நீதிபதி மேரி முர்கியா. 1960-ல் கான்சாஸ் மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். ரயில்வே வேலைக்கு வந்த மெக்சிகோத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வேரூன்றிய ஆர்ஜென்டைன் என்னும் பகுதியில் வளர்ந்தார். தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. ஏழு பிள்ளைகளில் நால்வர் சட்டம் படித்தார்கள்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1985-ல் சட்டப்படிப்பை முடித்த மேரி, உள்ளூரில் அரசு வழக்கறிஞராக ஐந்தாண்டுகள் வாதாடினார். பின்னர் அரிசோனாவில் மத்திய அரசு வழக்கறிஞரானார். 2000-ல் அதிபர் கிளின்டன் அவரை அரிசோனா மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்கு நியமித்தார். அங்கு நீதிபதியான முதல் லத்தீன் பெண் அவரே. மெக்சிகோ வம்சாவளிப் பெண்களில் முதல் மத்திய நீதிபதியான இர்மா கொன்சாலஸ், சான் டியேகோவில் பதவியேற்று அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மேரியின் அண்ணன் கார்லோஸ் முந்தைய ஆண்டுதான் கான்சாஸில் மத்திய நீதிபதியாகியிருந்தார். இப்படி ஓர் அண்ணனும் தங்கையும் மத்திய நீதிபதிகளானது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

அவருடைய பணியில் மிகக் கடினமான தருணம் 2009-ல் வந்தது. மரிக்கோப்பா மாவட்ட ஷெரிஃப் ஜோ ஆர்பாயோவின் காவலர்கள், லத்தீன் மக்களை இனத்தை வைத்தே சாலையில் நிறுத்திச் சோதிப்பதாக 2007-ல் தொடுக்கப்பட்ட வழக்கு அவர்முன் இருந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு ஷெரிஃப் தரப்பு கேட்டதை அவர் ஏற்கவில்லை. அடுத்து, நீதிபதியே விலக வேண்டும் என்று அத்தரப்பு கோரியது. மேரியின் இரட்டைச் சகோதரி ஜேனட், லத்தீன் மக்களின் உரிமைக்காகப் போராடும் லா ராசா தேசிய மன்றத்தின் தலைவராக அப்போது இருந்தார். அந்த அமைப்பு ஆர்பாயோவை வெளிப்படையாகக் கண்டித்திருந்தது.

நீதிபதியின் நடுநிலையை ஒருவர் நியாயமாகச் சந்தேகிக்க இடமிருந்தாலே அவர் விலக வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். உண்மையில் பாரபட்சம் இருந்தாக வேண்டியதில்லை. தமக்குப் பாரபட்சம் உண்டு என்பதை மேரி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு ஜூலையில் விலகினார். சகோதரியின் பொதுவாழ்வுக்காக நீதிபதி விலை கொடுக்க நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆயினும் தீர்ப்பின் மீது எவரும் விரல் நீட்ட இடம் வைக்காத முடிவு அது. வழக்கு, ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி முர்ரே ஸ்னோவிடம் சென்றது. காவலர்கள் இனப் பாகுபாட்டுடன் நடந்துகொண்டார்கள் என்று 2013-ல் அவர் தீர்ப்பளித்தார். சகோதரியைக் காரணம் காட்டி நியாயத்தைச் சந்தேகித்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

2010-ல் அதிபர் ஒபாமா மேரியை ஒன்பதாவது வட்டத்துக்கு முன்மொழிந்தார். செனட் 89-0 என்ற வாக்குகளில் ஏற்றது. கலிஃபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் உட்பட ஒன்பது மாநிலங்களும் குவாம், வட மரியானா தீவுகளும் அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருகின்றன. 29 நீதிபதி இடங்கள் கொண்ட அதுவே நாட்டின் மிகப்பெரிய மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே தலைமைப் பதவிக்குத் தேர்தல் கிடையாது. 65 வயதுக்குட்பட்டவர்களில் பணிமூப்பு மிக்கவருக்கே அது செல்லும். ஏழாண்டுகள் வரை பதவியில் இருக்கலாம். சிட்னி தாமஸுக்குப் பின் 2021 டிசம்பர் 1-ல் மேரி முர்கியா பொறுப்பேற்றார். மேரி ஷ்ரோடருக்கு அடுத்து அப்பதவிக்கு வந்த இரண்டாவது பெண் அவர்.